பாட்டுப் போட்டால் காசு!
சின்ன ரேடியோக்காரர்கள் வாயை மூடிய கதை

2002-ம் வருஷம் மே மாதம் 1-ந் தேதி. அமெரிக்காவில் நூற்றுக்கணக்கான இன்டர்நெட் ரேடியோக்களில் பாட்டுச் சத்தமே இல்லை.

இயந்திரம் கெடவில்லை. கரண்டும் நிற்கவில்லை. ரேடியோ நடத்தியவர்கள் வேண்டுமென்றே வாயை மூடிக்கொண்டார்கள். ஏன் தெரியுமா? பாட்டுக்குக் கேட்ட காசு அவர்களுக்குக் கட்டுப்படி ஆகவில்லை!

பாட்டு ஒன்று, சொத்து இரண்டு

ஒரு பாட்டில் இரண்டு சொத்து இருக்கிறது. மெட்டும் வரிகளும் ஒரு சொத்து. அது இசை அமைத்தவருக்கும் எழுதியவருக்கும் உரியது. பாடிப் பதிவு செய்த ரெக்கார்டு இன்னொரு சொத்து. ஆகவே அனுமதியும் இரண்டு வாங்க வேண்டும்.

முதல் சொத்துக்கு "ஆஸ்காப்", "பி.எம்.ஐ." முதலிய சங்கங்கள் வசூல் செய்கின்றன. இரண்டாவதற்கு "சவுண்ட் எக்ஸ்சேஞ்ச்". இது வசூலிக்கும் பணத்தில் பாதி ரெக்கார்டின் சொந்தக்காரருக்கு. 45 சதவீதம் முக்கிய பாடகருக்கு. மீதி 5 சதவீதம் பக்கவாத்தியக்காரர்களுக்கும் துணைப் பாடகர்களுக்கும்.

பாடகர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. தொண்டை அவருடையது அல்லவா? ஆனால் ஒரு வேடிக்கை! அமெரிக்காவில் பெரிய வானொலி நிலையம் தன் அலைவரிசையில் பாட்டுப் போட்டால், பாடகருக்குச் சல்லிக்காசு தரவேண்டாம். மெட்டுக்காரருக்குக் கொடுத்தால் போதும். இன்டர்நெட்டில் போடும் சின்ன ஆள் இருவருக்கும் அழவேண்டும்.

கால் தூசிக் கணக்கு

ஒரு பாட்டை ஒருவர் கேட்டால் 0.14 சென்ட் என்று முதலில் சொன்னார்கள். கூச்சல் எழுந்தது. ஜூன் மாதம் 0.07 சென்டாகக் குறைத்தார்கள்.

"பூ, இவ்வளவுதானா!" என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 15 பாட்டு. எந்நேரமும் 100 பேர் கேட்கிறார்கள். ஒரு நாளைக்கு 36 ஆயிரம் தடவை ஆகிறது. அதற்கு 25 டாலர். வருஷத்துக்கு 9 ஆயிரம் டாலருக்கு மேல்!

வீட்டு அறையில் உட்கார்ந்து ஆசைக்கு ரேடியோ நடத்துகிறவர் இதற்கு எங்கே போவார்? கடையில் கூட்டம் சேர்ந்தால் முதலாளிக்கு மகிழ்ச்சி. இங்கே கேட்பவர் கூடக்கூட வயிற்றில் புளி கரைத்தது.

அந்த வருஷக் கடைசியில் சின்ன ரேடியோக்களுக்கென்று ஒரு சட்டம் வந்தது. வருமானத்தைப் பார்த்துக் கட்டணம் கட்ட வழி பிறந்தது.

மூடியது, திறந்தது

பிறகு 2009-ல் கிடைத்த சலுகையும் 2015 முடிவோடு தீர்ந்தது. ஆயிரக்கணக்கான சின்ன ரேடியோக்களுக்கு இடம் கொடுத்த "லைவ் 365" மறுமாதமே கதவை மூடியது. வேறு கைக்கு மாறி 2017-ல் மீண்டும் திறந்தது. அங்கே மாதச் சந்தா கட்டினால், சங்கங்களுக்குச் சேரவேண்டியதை அவர்களே கட்டிவிடுவார்கள்.

நிபந்தனைகளும் உண்டு. 3 மணி நேரத்தில் ஒரே ஆல்பத்திலிருந்து 3 பாட்டுக்கு மேல் போடக்கூடாது. பாட்டை இறக்கி வைத்துக்கொள்ளக் கொடுப்பதற்கும் இந்த அனுமதி செல்லாது. அதற்கு ரெக்கார்டு கம்பெனியிடம் தனியாகப் பேசவேண்டும். மெட்டுக்காரருக்கும் பிரதிக்கு இவ்வளவு என்று கொடுக்கவேண்டும். 2006 முதல் 2022 வரை அது 9.1 சென்ட். 2023-ல் 12 சென்ட் ஆயிற்று.