மாண் தீவின் மன்றம்

இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் இடையே, ஐரிஷ் கடலின் நடுவில் மாண் தீவு என்னும் சிறு தீவு உளது. அதன் பரப்பு ஏறத்தாழ 572 சதுர கிலோமீட்டர். 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கு வாழ்வோர் ஏறத்தாழ 84,000 பேர். பிரிட்டிஷ் முடியைத் தலைமையாகக் கொண்டதாயினும், அத்தீவு ஐக்கிய இராச்சியத்தின் பகுதி அன்று. நாட்டுக் காவலையும் அயல்நாட்டு உறவையும் தவிர, ஏனைய காரியங்களை அது பெரும்பாலும் தானே நடத்திக்கொள்கிறது.

அத்தீவின் மன்றத்திற்கு டின்வால்டு என்பது பெயர். ஆயிரம் ஆண்டுத் தொன்மை உடையதெனக் கருதி, 1979ஆம் ஆண்டில் மக்கள் அதற்கு விழா எடுத்தனர். மன்றத்தில் இரண்டு அவைகள் உள்ளன. அவற்றுள் மக்கள் நேரே தேர்ந்தெடுக்கும் அவை கீஸ் அவை எனப்படும். அதன் உறுப்பினர் இருபத்து நால்வர்.

தொன்மை உடைமையால் மட்டும் ஓர் அவை மக்களவை ஆகிவிடுமோ? ஆகாது. முற்காலத்தில் கீஸ் அவையில் ஓரிடம் ஒழிந்தால், எஞ்சிய உறுப்பினரே இருவரைக் குறித்துக் கொடுப்பர். ஆளுநர் அவருள் ஒருவரை அமர்த்துவார். மக்களுக்கு அதில் எவ்வகைப் பங்கும் இல்லை. 1864ஆம் ஆண்டில் டக்ளஸ் நகரத்தார் வேண்டிய உரிமைகளை அவ்வவை மறுத்தது. அதனைக் கண்டித்து எழுதிய ஜேம்ஸ் பிரௌன் என்னும் பத்திரிகை ஆசிரியருக்கு அவை ஆறு திங்கள் சிறை விதித்தது. தம்மைக் குறை கூறியவரைத் தாமே தண்டிப்பது முறையோ என்னும் கேள்வி எழுந்தது. இலண்டன் நீதிமன்றம் அவரை விடுவித்தது. பின்னர் அவர் இழப்பீடும் பெற்றார்.

இந்நிகழ்ச்சி மக்கள் உள்ளத்தைக் கிளர்ந்தெழச் செய்தது. 1866ஆம் ஆண்டுச் சட்டத்தால் அவையினரைத் தேர்ந்தெடுக்கும் முறை ஏற்பட்டது. மறு ஆண்டில் முதல் தேர்தல் நடந்தது. 1881இல் சொத்துடைய பெண்டிர் சிலரும் வாக்குரிமை பெற்றனர். 2006 முதல் பதினாறு வயது நிரம்பியோரும் வாக்களிக்கலாம்.

இன்று பன்னிரண்டு தொகுதிகள், தொகுதிக்கு இருவராக உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கின்றன. சட்டம் இயற்றுதல், வரிப்பணத்தின் செலவை ஆராய்தல், ஆட்சியாளரை வினாவுதல் ஆகியன அவர்தம் கடமைகள். அவருள் பலர் அரசுத் துறைகளிலும் பொறுப்பு ஏற்கின்றனர். ஆதலின், ஆட்சியில் பங்குகொண்டே அதன் குறைகளையும் எடுத்துரைக்கும் அரிய நடுநிலை அவர்க்கு வேண்டும். தீவோ சிறியது, தமக்கு வாக்களித்தவரைக் கடைத்தெருவிலே நாளும் எதிர்ப்பட நேரும். விடை கூறாது ஒதுங்குதல் அங்கு எளிதன்று.

ஆண்டுதோறும் சூலைத் திங்களில் செயின்ட் ஜான்ஸ் என்னும் ஊரில், நான்கு அடுக்காக அமைந்த சிறு குன்றின்மீது மன்றம் கூடுகிறது. புதிய சட்டங்களின் சுருக்கம் ஆங்கிலத்திலும் தீவின் பழமொழியாகிய மாங்க்ஸ் மொழியிலும் படிக்கப்படும். பதினெட்டுத் திங்களுக்குள் அவ்வாறு அறிவிக்கப்படாத சட்டம் செயலற்றுப் போகும். அன்று குறையுடையோர் எவரும் குன்றின் அடியில் நின்று விண்ணப்பம் அளிக்கலாம். அது முறைப்படி அமைந்ததாயின், மன்ற உறுப்பினர் ஒருவர் அதனை ஏற்று மன்றத்தின் ஆய்வுக்குக் கொணரலாம்.

குன்றின்மேல் இருப்போர் கீழே நிற்போரின் குரலுக்குச் செவிசாய்த்தல் வேண்டும். அதற்காகவே அவர் அங்கு அனுப்பப்பட்டனர். நாடு சிறிதாயினும் பெரிதாயினும், மக்கட் பிரதிநிதியின் கடமை இதுவேயாம்.