கையில் கலர் கயிறா? கொஞ்சம் கவனியுங்கள்!

"என்னடா இது, கையில புதுசா கயிறு?"

"நம்ம பசங்க எல்லாரும் இதே கலர்தாம்மா கட்டியிருக்காங்க!"

செட்டியார்பட்டியிலிருந்து ராஜபாளையத்துக்கு பஸ் ஏறிப் படிக்கப் போகும் பையன் இப்படிச் சொன்னால், 'ஏதோ ஃபேஷன்' என்று விட்டுவிடாதீர்கள். அந்த 'நம்ம'வில்தான் விஷயமே இருக்கிறது.

கூட்டத்தோடு ஒட்டிக்கொள்வது மனசின் இயல்பு. 'நான் யார்?' என்று தடுமாறுகிற வயதில், 'நீ எங்க ஆளு' என்று நாலு பேர் சொன்னால் அது டானிக் மாதிரி! சிக்கல் அதற்கு அடுத்த படியில்.

1970 வாக்கில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில், ஹென்றி தாஜ்ஃபெல் என்ற மனோதத்துவப் பேராசிரியர் பள்ளிப் பையன்களை ஒரு அற்பக் காரணம் சொல்லி இரண்டாகப் பிரித்தார். திரையில் தெரிந்த புள்ளிகளைக் கூட்டிச் சொன்னவர், குறைத்துச் சொன்னவர்... அவ்வளவுதான். யார் எந்தப் பக்கம் என்பதுகூடப் பையன்களுக்குத் தெரியாது. காசைப் பங்கிடச் சொன்னால் தன் பக்கத்துக்கே அள்ளிக் கொடுத்தார்கள். இன்னொரு வேடிக்கை: தன் பக்கத்துக்குக் கிடைப்பது குறைந்தாலும் சரி, எதிர்ப்பக்கத்தைவிட ஒரு படி மேலே நிற்கவேண்டும் என்றே பலருக்கும் தோன்றியது!

நம் ஊர்ப் பெரியவர்களுக்கு 1997 ஞாபகம் இருக்கும். விருதுநகர் மாவட்டப் போக்குவரத்துக் கழகத்துக்கு, கட்டபொம்மனின் தளபதி வீரன் சுந்தரலிங்கம் பெயரை அரசு சூட்டியது. அதே பஸ், அதே ரூட். ஆனால் தேவேந்திர குல மக்கள் தங்களவராகக் கொண்டாடும் வீரர் என்பதால், 'அந்தப் பஸ்ஸில் ஏறுவதா?' என்று வேறு ஜாதியினர் சிலர் கொதித்தார்கள். கலவரத்தில் உயிர்கள் போயின. ஜூலையில், மாவட்டங்கள், போக்குவரத்துக் கழகங்கள் எல்லாவற்றிலிருந்தும் தலைவர்கள் பெயரையே அரசு எடுத்துவிட்டது. (மிதிபட்டவர்கள் மரியாதை கேட்பதும், அதைப் பார்த்து மற்றவர்கள் எரிவதும் ஒன்றல்ல. இதையும் சொல்லியாகவேண்டும்.)

ஓட்டுக் கேட்பவர்களுக்கு இந்த மனசு அத்துப்படி. வேலை, தண்ணீர், ஆஸ்பத்திரி என்று பேசினால் கணக்குக் காட்டவேண்டும். 'அவங்க நம்மள அவமானப்படுத்துறாங்க' என்றால் கணக்கே வேண்டாம்! கேட்பவருக்கு நெஞ்சு படபடக்கும், முகம் சிவக்கும். அந்த நேரத்தில் யோசனை வேலை செய்யாது.

2023-ல் நாங்குநேரியில் ஒரு மாணவனைச் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பின் அமைந்த நீதிபதி சந்துரு குழு, பள்ளிகளில் இந்தக் கலர் கயிறுகளைத் தடை செய்யவேண்டும் என்று 2024-ல் பரிந்துரைத்தது.

அதற்காகக் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு பாயாதீர்கள். அந்தக் கூட்டத்தோடு இன்னும் நெருக்கமாகிவிடுவான். "இதக் கழட்டினா உன்ன யாராவது ஏதாவது சொல்வாங்களா?" என்று நிதானமாகக் கேளுங்கள். ஆசையில் கட்டியிருக்கிறானா, பயத்தில் கட்டியிருக்கிறானா என்று பதிலிலேயே தெரிந்துவிடும்.

1954-ல் அமெரிக்காவில் முஸாஃபர் ஷெரிஃப் என்ற நிபுணர், 22 சிறுவர்களை முகாமில் இரண்டு அணியாக்கி மோதவிட்டார். பிறகு சேர்ந்து சாப்பிட வைத்தால், சாப்பாட்டையே தூக்கி எறிந்துகொண்டார்கள்! முகாமுக்குத் தண்ணீர் நின்றபோதுதான் எல்லாரும் கூடிக் கோளாறைத் தேடினார்கள். இப்படி நாலைந்து வேலை சேர்ந்து செய்தபின் பகை தணிந்தது.

உங்கள் தெருப் பிள்ளைகள் கபடிக்கு டீம் பிரிக்கும்போது சீட்டுக் குலுக்கிப் போடச் சொல்லுங்கள்.