மிதிவண்டி ஓட்டுவோருக்கு எந்த நிறக் கண்ணாடி?

கண்புரை அறுவை முடிந்து, மீண்டும் மிதிவண்டி ஓட்டலாம் என்று மருத்துவர் அனுமதித்ததும் பலர் முதலில் வாங்குவது கறுப்புக் கண்ணாடியைத்தான். வெயில் கூசுவதால், கடையில் உள்ளவற்றுள் மிகக் கறுப்பானதையே எடுத்துக்கொள்கின்றனர். உச்சி வெயிலில் அது இதமாகவே இருக்கும். ஆனால் அதே கண்ணாடியுடன் அடர்ந்த மரநிழலுக்குள் நுழையும்போது, சாலையில் உள்ள பள்ளமோ குறுக்கே ஓடி வரும் குழந்தையோ கண்ணுக்குப் புலப்படாமல் போகலாம். வெயிலின் கூச்சம் தொல்லை தரும். நிழலில் சில நொடிகள் பார்வை மங்குவதோ ஆளையே கீழே தள்ளிவிடும். எனவே செல்லும் வழியில் மிக வெளிச்சமான இடத்தை எண்ணி அன்று, மிக இருண்ட இடத்தை எண்ணியே கண்ணாடியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

நம் மாவட்டத்தின் வெளிச்சம்

குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறை நோக்கிச் செல்பவர் ரப்பர் தோட்டங்களின் நிழலையும் திறந்த வெளியையும் மாறி மாறிக் கடக்கிறார். பால்வெட்டுக்குச் செல்வோர் விடியும் முன்னரே புறப்படுகின்றனர். மார்கழி, தை மாதங்களில் ரப்பர் மரங்கள் இலை உதிர்க்கும்போது அதே வழியில் வெயில் நேராக இறங்கும். தெற்கே சுசீந்திரம், தேரூர்ப் பகுதிகளில் கும்பப்பூ நடவுக்காக நீர் நிறைந்து நிற்கும் வயல்களும், புத்தளம், சுவாமித்தோப்புப் பகுதி உப்பளங்களும் ஒளியைக் கீழிருந்து கண்ணுக்குள் திருப்பி அடிக்கும். ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றோடு தூசியும் சேர்ந்துகொள்ளும். இவ்வாறு ஒரே பயணத்தில் பலமுறை ஒளி மாறும் இடங்களில், மிகக் கறுத்த கண்ணாடி பொருந்தாது.

கருமை வேறு, பாதுகாப்பு வேறு

கண்ணுக்குத் தீங்கு செய்யும் புற ஊதாக் கதிர்களைத் தடுப்பது வில்லையின் கருமை அன்று. வில்லைப் பொருளின் தன்மையும் அதன்மீது இடப்படும் பூச்சுமே தடுக்கின்றன. நிறமே இல்லாத வில்லையும் இக்கதிர்களை முழுமையாகத் தடுக்க முடியும். மாறாக, இத்தடுப்பு இல்லாத கறுப்புக் கண்ணாடியை அணிந்தால், இருளுக்கு ஏற்பக் கண்மணி விரிந்து, அக்கதிர்கள் உள்ளே செல்ல வழி கூடுதலாகத் திறக்கும். ஆகவே ‘யுவி 400’ என்னும் குறியீடு உள்ளதா என்பதை முதலில் பாருங்கள். 400 நானோமீட்டர் வரையிலான கதிர்களை அவ்வில்லை தடுக்கும் என்பது அதன் பொருள்.

எவ்வளவு கருமை?

வெயில் கண்ணாடிகள், உள்ளே விடும் ஒளியின் அளவைக் கொண்டு 0 முதல் 4 வரை ஐந்து தரங்களாகப் பிரிக்கப்படுகின்றன. 0 தரம் 80 விழுக்காட்டுக்கு மேல் ஒளியை விடும். 1 தரம் 43 முதல் 80 வரை. 2 தரம் 18 முதல் 43 வரை. 3 தரம் 8 முதல் 18 வரை. 4 தரம் 8 விழுக்காட்டுக்கும் குறைவாகவே விடுவதால் சாலையில் வண்டி ஓட்ட ஏற்றதன்று. நிழலும் வெயிலும் கலந்த வழிக்கு 1 அல்லது 2 தரம் போதும். நடுப்பகலில் திறந்த வெளியில் மட்டுமே செல்பவர் 3 தரத்தை அணியலாம். அந்தி மயங்கிய பின்னும் விடியும் முன்னும் நிறமற்ற வில்லையே வேண்டும். நம் பகுதியில் சூரியன் மறைந்த அரை மணி நேரத்திற்குள் இருட்டிவிடும் என்பதை மறவாதீர்கள்.

எந்த நிறம்?

சாம்பல் நிறம் பொருள்களின் இயல்பான வண்ணத்தை மாற்றாது. பழுப்பு நிறம் மேடு பள்ளங்களைச் சற்றுத் தெளிவாகக் காட்டும். நிழலும் வெயிலும் கலந்த சாலைக்கு ஏற்றது. மஞ்சள் நிறம் மேகமூட்டமான பகலில் உதவலாம். ஆனால் இரவில் பார்வையைக் கூர்மையாக்கும் என்பது தவறான நம்பிக்கை. அதுவும் ஒளியின் ஒரு பகுதியைக் குறைக்கவே செய்கிறது.

வெயிலில் தானே கறுக்கும் வில்லைகள் வசதியானவை. எனினும் அவை கறுப்பதைவிட மெதுவாகவே தெளியும். முழுமையாகத் தெளியச் சில நிமிடங்கள் ஆகும். மிதிவண்டி அதற்குள் நிழலின் நடுப்பகுதியை அடைந்திருக்கும்.

போலராய்டு வில்லைகள் நீர்ப்பரப்பின் பளபளப்பைக் குறைக்கும். வயல்வெளியிலும் கடற்கரையிலும் இது ஆறுதல். ஆனால் ஈரச் சாலையை அதன் மினுமினுப்பைக் கொண்டே அறிபவர்கள் மழைக்காலத்தில் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும்.

நோயாளிகள் கவனத்திற்கு

வயது ஏற ஏற, வெளிச்சத்திலிருந்து இருளுக்குக் கண் பழக எடுக்கும் நேரம் கூடுகிறது. கண் நீர் அழுத்த நோய் உள்ளவர்களுக்கும், நீரிழிவால் விழித்திரை பாதிக்கப்பட்டு லேசர் சிகிச்சை பெற்றவர்களுக்கும் மங்கிய ஒளியில் பார்வை மேலும் குறையலாம். இவர்கள் கருமை மிகுந்த கண்ணாடியைத் தவிர்ப்பது நலம். கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து இட்ட நாளில் மிதிவண்டி ஓட்ட வேண்டாம். அதன் விளைவு பல மணி நேரம் நீடிக்கும். கண்புரை அறுவைக்குப் பின் பார்வை அளவு நிலைபெறச் சில வாரங்கள் ஆகும். அதுவரை விலையுயர்ந்த பவர் கண்ணாடி வாங்காதீர்கள். கண்ணைச் சுற்றி மூடும் சாதாரணப் பாதுகாப்புக் கண்ணாடி காற்றையும் தூசியையும் தடுக்கும். எளிதில் உடையாத பாலிகார்பனேட் வில்லையே பாதுகாப்பானது.

குடும்பத்தினர் செய்யக்கூடியது

வாங்கும் முன் ஓர் எளிய சோதனை செய்யுங்கள். புதிய கண்ணாடியை அணிவித்து, அவரை வெயிலில் இரண்டு நிமிடம் நிற்கச் செய்யுங்கள். பின் உடனே நிழலுக்குள் அழைத்து வந்து, தரையில் கிடக்கும் சிறு கல்லைக் காட்டச் சொல்லுங்கள். தடுமாறினால், அதைவிட வெளிறிய நிறத்தைக் கேளுங்கள். முடிந்தால் நிறமற்றது ஒன்று, நடுத்தர நிறம் ஒன்று என இரண்டு கண்ணாடிகளை வைத்துக்கொள்வது சிறந்தது. ஒரு கண்ணாடிக்கே வசதி உள்ளதெனில், வெளிறியதையே வாங்கி, வெயிலுக்கு விளிம்புள்ள தொப்பி அணியச் செய்யுங்கள். வெளிறிய கண்ணாடியும் இல்லாதபோது, நிழலுக்குள் நுழையும் முன் வேகத்தைக் குறைப்பதும், தேவைப்பட்டால் இறங்கி வண்டியைத் தள்ளிச் செல்வதும் நல்ல பழக்கம்.

கூச்சம் திடீரென மிகுந்தாலோ, கண் சிவந்து வலித்தாலோ, ஒளியைச் சுற்றி வளையங்கள் தெரிந்தாலோ கண்ணாடியை மாற்றிப் பார்த்துக்கொண்டிராமல், தாமதமின்றிக் கண் மருத்துவரை அணுகுங்கள்.