நிரலிற் பிழைகாணும் உறுதிக்கூற்று

கணக்கில் நேரும் பிழை இரு வகைப்படும். தன்னைத் தானே காட்டிக்கொள்ளும் பிழை ஒன்று. ஒளிந்திருந்து தீங்கு செய்யும் பிழை மற்றொன்று. முன்னையது கணினியின் இயக்கத்தையே நிறுத்திவிடுதலால் எளிதில் அகப்படும். பின்னையதோ, விடை சரியென்றே தோன்றச் செய்து, பிறர் ஊதியத்தைக் குறைத்த பின்னரும் வெளிப்படாது நிற்கும். இவ்விரண்டாம் வகைப் பிழையைக் காண உதவுவதே உறுதிக்கூற்று. நிரலின் குறித்த ஓரிடத்தில் இன்னது மெய்யாதல் வேண்டும் என்று, அதனை ஆக்குவோன் முன்னரே எழுதிவைக்கும் கூற்று அது.

இக்கருத்துப் புதியதன்று. 1949ஆம் ஆண்டிற் கேம்பிரிட்ஜில் அலன் டியூரிங் இதனைக் கூட்டற் கணக்கொன்றின் வாயிலாக விளக்கினார். நீண்ட கூட்டலில் விடையை மட்டும் கண்டு சரிபார்த்தல் அரிது. ஒவ்வோரிடத்திலும் கொண்டுசென்ற இலக்கமும் எழுதப்பட்டிருப்பின், ஒன்றினிடம், பத்தினிடம் எனத் தனித்தனியே பார்த்து முடிக்கலாம். நிரலுக்கும் அம்முறை பொருந்தும் என்பது அவர் துணிபு. 1967இல் ரொபேர்ட் ஃபுளொயிட்டும், 1969இல் டொனி ஹோரும் இதற்குத் தருக்க வடிவு தந்தனர். பின்னவர் 1934இற் கொழும்பிற் பிறந்தவர். அவர் அன்னையார் தேயிலைத் தோட்டத்துரை ஒருவரின் மகளார். 1980இல் ஹோருக்கு டியூரிங் விருது அளிக்கப்பட்டது. ஆகலின், இதற்கு ஊவாவின் தேயிலை மலைகளினின்றே உதாரணம் காட்டுதல் பொருத்தமாம்.

பசறை, நமுனுகுலை, ஹாலிஎல முதலாம் இடங்களிற் பறித்த கொழுந்து நாளொன்றிற் பன்முறை நிறுக்கப்படும். குறித்த அளவு நிரம்பாதவர்க்கு ‘அரைப்பேர்’ இடுதல் தோட்டங்களிற் கேட்கப்படும் வழக்கு. அளவு 18 கிலோ எனவும், காலை, நண்பகல், மாலை நிறுவைகளைக் கூட்டிப் பேர் இடும் நிரலொன்று இணைய உலாவியில் ஜாவாஸ்கிரிப்டில் இயங்குகின்றது எனவும் கொள்வோம். ஒரு பெண் காலையில் 9, மாலையில் 12 கிலோ கொழுந்து கொணர்ந்தாள். நண்பகல் நிறுவையைப் பதிய எழுத்தர் மறந்தார். அவ்வெறுமையை எண்ணாக மாற்ற முயலுங்கால், ‘எண் அன்று’ எனும் தனி மதிப்பு பிறத்தல் கூடும். அதனோடு எதனைக் கூட்டினும் ‘எண் அன்று’ என்பதே விடை. பின்னர், ‘மொத்தம் 18க்குக் குறையாததா?’ என நிரல் வினவுகின்றது. அம்மதிப்போடு எவ்வெண்ணை இவ்வாறு ஒப்பிடினும் ‘இல்லை’ என்றே விடை வருதலின், இருபத்தொரு கிலோ பறித்தவளுக்கு அரைப்பேர் விழுகின்றது. கணினியோ யாதும் கூறிற்றில்லை.

கூட்டலுக்கு அடுத்த வரியில் ஓர் உறுதிக்கூற்றை இடுவோம்:

கன்சோல்.அசெர்ட்(மொத்தம் >= 0, "நிறுவையிற் பிழை", பதிவெண்);

அடைப்புக்குறியுள் முதலில் நிற்பது நிபந்தனை. அது மெய்யாயின் இக்கட்டளை மௌனமாயிருக்கும். பொய்யாயின் மாத்திரம், பின்னர் நிற்கும் செய்தியையும் பதிவெண்ணையும் உலாவியின் கன்சோல் பலகத்தில் எழுதும். பல உலாவிகளில் எஃப்12 விசையை அழுத்தி அப்பலகத்தைத் திறக்கலாம். ‘எண் அன்று’ என்பது பூச்சியத்தோடு ஒப்பிடினும் பொய்யே தருதலால், பிழை அக்கணமே இடத்தோடும் பதிவெண்ணோடும் அகப்படும். ஒவ்வொரு வரியிலும் மதிப்பை அச்சிட்டு, நூற்றுக்கணக்கான வரிகளைக் கண்ணாற் துழாவும் வேலை ஒழியும்.

ஆயினும் மூன்று எச்சரிக்கைகள் உள. முதலாவது, உலாவியில் இக்கட்டளை நிரலை நிறுத்துவதில்லை. பிழையை அறிவித்துவிட்டு அடுத்த வரிக்கு வழிவிடும். தவறான பேர் விழாது தடுப்பதற்கு வேறு கட்டளை வேண்டும். இரண்டாவது, இச்செய்தி நிரலாக்குவோனுக்கே உரியது; பலகத்தைத் திறவாத எழுத்தர் அதனைக் காணார். வெறுமையான கட்டத்தை ஏற்க மறுக்கும் சோதனை படிவத்தில் தனியே இருத்தல் வேண்டும். மூன்றாவது, நிபந்தனையுள் மதிப்பை மாற்றும் செயலெதனையும் வைத்தலாகாது. பின்னொரு நாள் கூற்றை நீக்குங்கால் அச்செயலும் உடன் நீங்கும்.

அரசனை இடித்துரைக்கும் அமைச்சன் செங்கோலைத் தான் பற்றுவதில்லை. பிழை நேர்ந்த இடத்தைக் காட்டி அமைவான். உறுதிக்கூற்றின் பணியும் அத்தகையதே. திருத்த வேண்டியவன் நிரலை ஆக்கியவன். அவன் இக்கூற்றை எழுதுமுன், ‘இவ்விடத்தில் மெய்யாக வேண்டுவது யாது?’ எனத் தன்னையே வினவிக்கொள்ளுதல் வேண்டும். அவ்வினா எழாத நிரலில், எழுத்தரின் மறதிக்குரிய இழப்பு கொழுந்து பறித்தவள்மேல் விழும்.