கோழிக்கால் பார்த்த பாதி, பனி பார்த்த பாதி

‘பெரியவனுக்கு இடது மூளை, கணக்கில் புலி. சின்னவளுக்கு வலது மூளை, எந்நேரமும் படம்தான்.’ பிள்ளைகளைப் பற்றி இப்படிப் பேசுவது இப்போது வழக்கமாகிவிட்டது. டீ ஆறுவதற்குள் இதைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

மூளை அக்ரூட் பருப்பு போல இரண்டு பாதி. இடது பாதி உடம்பின் வலப்பக்கத்தை இயக்குகிறது. வலது பாதி, இடப்பக்கத்தை. பார்வையும் அப்படித்தான்: நேரே பார்க்கும்போது நமக்கு இடப்புறம் இருப்பதெல்லாம் முதலில் வலது பாதிக்குப் போகிறது. நடுவே சுமார் 20 கோடி நரம்பிழைகள் சேர்ந்த பட்டை ஒன்று உண்டு. கார்பஸ் கலோசம் என்பார்கள். ஒட்டியிருக்கும் இரண்டு வீடுகளுக்கு இடையே சுவரில் திறந்துவைத்த வாசல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வேலைப் பிரிவினை பொய்யில்லை. 1861இல் பாரிஸில், எதைக் கேட்டாலும் ‘டான்’ என்றே பதில் சொல்லிவந்த ஒரு நோயாளி இறந்தபின், பால் புரோக்கா என்ற மருத்துவர் அவர் மூளையைப் பார்த்தார். இடது முன்பகுதி பழுதாகியிருந்தது. பேச்சு நம்மில் மிகப் பெரும்பாலோருக்கு இடது பாதியில்தான். இடதுகைப் பழக்கம் உள்ளவர்களிலும் பலருக்கு அப்படியே.

சரி, அந்த வாசலை அடைத்தால்? கடுமையான வலிப்பு நோய்க்காகச் சிலருக்கு அந்தப் பட்டையை அறுத்திருக்கிறார்கள். அவர்களை ஆராய்ந்ததற்காக ரோஜர் ஸ்பெர்ரிக்கு 1981இல் நோபல் பரிசு கிடைத்தது. அவர் மாணவர் மைக்கேல் கஸானிகா செய்த ஒரு சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. திரையின் வலப்புறம் ஒரு கோழிக்கால், இடப்புறம் பனி மூடிய வீடு. பிறகு, பொருத்தமான படத்தை எடுக்கச் சொன்னார்கள். வலது கை கோழியை எடுத்தது, இடது கை பனியை அள்ள உதவும் மண்வாரியை. மண்வாரி ஏன் என்று கேட்டதற்கு, கோழிக்கொட்டகையைச் சுத்தம் செய்ய என்று தயங்காமல் பதில் வந்தது! பேசுகிற பாதி பனியைப் பார்க்கவே இல்லை. கை செய்ததைப் பார்த்துக் காரணம் கட்டியது, கட்டியதைத் தானே நம்பவும் செய்தது.

‘இடது மூளைக்காரர், வலது மூளைக்காரர்’ என்ற பேச்சு இந்த ஆய்வுகளை வைத்துத்தான் பரவியது. ஆனால் அது வாசல் அடைபட்டவர்களின் கதை. நமக்கு அது திறந்தே கிடக்கிறது. டம்ளரை உடைத்த பிள்ளையிடம் ‘ரொம்ப நல்ல காரியம் பண்ணே’ என்கிறோம். சொல்லைப் பிடிப்பது பெரும்பாலும் இடது பாதி. அது பாராட்டில்லை, திட்டு என்று குரலின் ஏற்ற இறக்கத்தில் கண்டுகொள்ள வலது பாதியும் வேண்டும். கணக்கிலும் வாய்ப்பாட்டை ஒப்பிப்பது இடதைச் சாய்ந்த வேலை. இரண்டு குவியலில் எது பெரிது என்று மதிப்பிட இரண்டு பாதியும் உழைக்கின்றன.

2013இல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தார் சுமார் ஆயிரம் பேரின் மூளைப் படங்களை அலசினார்கள். குறிப்பிட்ட சில வேலைகள் ஒரு பக்கம் சாய்ந்திருந்தன. ஆளே ஒரு பக்கம் சாய்ந்தவர் என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. சின்னவளின் கணக்கு நோட்டை மூடி வைத்திருந்தால், எடுத்துக் கொடுங்கள்.