துல்லியம் ஒன்றா, இரண்டா?

ஆங்கில–தமிழ் அகராதி ஒன்றை எடுத்து ‘அக்யூரசி’ என்ற சொல்லைப் பாருங்கள். ‘துல்லியம்’ என்றிருக்கும். அடுத்து ‘பிரிசிஷன்’ என்ற சொல்லைப் பாருங்கள். பெரும்பாலும் அங்கும் அதே துல்லியந்தான்! கடிதம் எழுதுகிறவருக்கு இதனால் நஷ்டமில்லை. ஆனால் தொழிற்சாலையின் பரிசோதனைப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த இளைஞர் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை எழுதிவிட்டால், ஒரு ஷிப்டின் உழைப்பே வீணாகலாம்.

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் வட்டாரத்தை எடுத்துக்கொள்வோம். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹுண்டாய் கார்கள் வெளிவரத் தொடங்கின. ஒரகடத்தில் 2010-ல் ரெனால்ட்–நிஸான் ஆலையும், 2012-ல் டெய்ம்லர் லாரி ஆலையும் திறக்கப்பட்டன. இவற்றைச் சுற்றி உதிரிபாகம் செய்யும் ஆலைகள் பல எழுந்தன. தமிழில் பாடம் கேட்டுப் பழகி ஐ.டி.ஐ. முடித்து இங்கு வருகிறவர்கள் மைக்ரோமீட்டரைப் பிடிப்பதில் சளைத்தவர்கள் அல்லர். ரிப்போர்ட்டின் ஆங்கிலச் சொல்லில்தான் தடுமாற்றம்.

சரியாக 25.000 மி.மீ. விட்டமுள்ள ஓர் உருளை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் கருவியால் நான்கு முறை அளக்கிறீர்கள்: 25.020, 25.021, 25.020, 25.019. இரண்டாவது கருவியால்: 24.992, 25.009, 25.003, 24.996. எது நல்ல கருவி?

முதல் கருவியின் அளவுகள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கின்றன. ஆனால் எல்லாமே சுமார் 0.02 மி.மீ. கூடுதல். இதற்குப் பிரிசிஷன் உண்டு, அக்யூரசி இல்லை. இரண்டாவதன் சராசரியைப் போட்டுப் பாருங்கள்: சரியாக 25.000! ஆனால் தனித்தனி அளவுகள் சிதறுகின்றன. இங்கே குறை பிரிசிஷனில்.

பொருள் மட்டுமா வேறு? வைத்தியமும் வேறு. முதல் கருவியை ஸ்லிப் கேஜில் வைத்துப் பார்த்து, பூஜ்யத்தைத் திருத்தினால் போதும். இரண்டாவதற்கு அது பயன்படாது. முகப்பில் தூசியா, ராட்செட்டைப் பயன்படுத்தாமல் கையால் இறுக்கினார்களா, திருகு தேய்ந்துவிட்டதா என்று தேட வேண்டும்.

கடைசல் இயந்திரத்துக்கும் இதே கதைதான். ஒவ்வொரு ஜாப்பும் ஒரே அளவு பெரிதாக வந்தால், ஆஃப்செட்டை ஒரு முறை மாற்றலாம். தாறுமாறாக வந்தால்? இங்கேதான் ஆர்வக்கோளாறு கெடுக்கிறது. ஒரு ஜாப் 0.01 கூடினால் ஆஃப்செட்டை 0.01 குறைப்பது, அடுத்தது குறைந்தால் கூட்டுவது என்று ஒவ்வொன்றுக்கும் திருத்தினால், சிதறல் குறையாது, ஏறக்குறைய 1.4 மடங்காகப் பெருகும்! தற்செயலான ஆட்டத்தோடு நம் கையின் ஆட்டமும் சேர்ந்துகொள்வதே காரணம். அமெரிக்கப் புள்ளியியலாளர் டெமிங், ஒரு புனலும் கோலிக்குண்டும் வைத்து இதை விளக்கிக் காட்டுவார். ‘பிரிசிஷன் குறைவு’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘அக்யூரசி குறைவு’ என்று எழுதினால், அடுத்த ஷிப்டுக்காரர் இந்த வலையில்தான் விழுவார்.

நம் ஊர் வெயிலையும் மறக்கக் கூடாது. நீள அளவுகள் 20 டிகிரி செல்சியஸில் கணக்கிடப்பட வேண்டும் என்பது உலக மரபு. எஃகு ஒவ்வொரு டிகிரிக்கும் தன் நீளத்தில் பத்து லட்சத்தில் சுமார் 11.5 பங்கு நீள்கிறது. கிரைண்டிங் முடிந்து 40 டிகிரிச் சூட்டோடு வந்த 80 மி.மீ. தண்டை, 20 டிகிரியில் வைத்திருந்த கருவியால் உடனே அளந்தால் சுமார் 0.018 மி.மீ. கூடுதலாகக் காட்டும். சூடு தணியுமுன் பத்து முறை மளமளவென்று அளந்தாலும் அளவுகள் ஒத்தே வரும். ‘பிரமாதம்’ என்று பாஸ் செய்துவிட்டால், ஆறிய பின் அது சிறுத்துப் போயிருக்கும். அனுமதி 0.01 மி.மீ. மட்டுமே என்றால் அத்தண்டு குப்பைக்குத்தான்.

சொற்களின் வேரும் சுவையானது. லத்தீனில் அக்யூரசியின் வேர் ‘அக்கறை’; பிரிசிஷனின் வேர் ‘வெட்டுதல்’. ஆங்கிலேயர்களும் பேச்சில் இரண்டையும் குழப்புவதுண்டு. 1994-ல் வந்த ஐ.எஸ்.ஓ. 5725 தரநூல், சராசரி மெய்யளவுக்கு அருகில் இருப்பதை ‘ட்ரூநெஸ்’ என்று தனியே பெயரிட்டு, அதுவும் பிரிசிஷனும் சேர்ந்ததே அக்யூரசி என்றது. பட்டறைப் பேச்சில் பழைய வழக்கு நீடிக்கிறது. தமிழில் பிரிசிஷனை ‘நுட்பம்’ என்கிறார்கள். எனக்கு அதில் முழுத் திருப்தியில்லை. ‘ஒருசீர்மை’ என்றால் பொருள் உடனே விளங்குகிறதல்லவா?

டிஜிட்டல் கருவி மூன்று தசம இலக்கம் காட்டுவது இவை இரண்டிலும் சேராது. அது ‘ரெசல்யூஷன்’, அதாவது கருவி பிரித்துக் காட்டும் மிகச் சிறிய அளவு. பூஜ்யம் பிசகிய கருவியும் மூன்று இலக்கம் காட்டும்.

அடுத்த முறை ரிப்போர்ட் எழுதுமுன் அதே ஜாப்பை ஐந்து முறை அளந்து எண்களை வரிசையாக எழுதுங்கள். பிறகு ஸ்லிப் கேஜை அளந்து, அந்த எண்ணைப் பக்கத்தில் குறியுங்கள். எந்தச் சொல்லை எழுத வேண்டும் என்பது அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும்.