பச்சிளங்குழந்தையை நோய் விடாமல் துரத்தினால்…

‘நோயெதிர்ப்புக் குறைபாடு’ என்றதும் பெற்றோர் பலர் எய்ட்ஸ் நோயை எண்ணி அஞ்சுகின்றனர். நாம் இங்கு விளக்குவது அதுவன்று. ‘ஸ்கிட்’ எனப்படும் தீவிர ஒருங்கிணைந்த நோயெதிர்ப்புக் குறைபாடு மரபணு வழியாக வருவது. ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது.

கிருமிகளை எதிர்க்கும் லிம்போசைட் என்னும் வெள்ளணுக்கள் இக்குழந்தைகளுக்குச் சரிவர உருவாவதில்லை. பிறக்கையில் நலமாகவே தோன்றுவர். தாயிடமிருந்து பெற்ற எதிர்ப்பாற்றல் குறையத் தொடங்கும் சில மாதங்களுக்குள் நோய்கள் தலைகாட்டும்.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்:
• மருந்திட்டும் மாறாத வாய் வெண்படலம்
• அடிக்கடி வரும் நிமோனியா
• நிற்காத வயிற்றுப்போக்கு
• எடை கூடாமை
• பிசிஜி ஊசி போட்ட இடத்தில் ஆறாத புண், அக்குளில் நெறிகட்டுதல்
• முன் பிறந்த குழந்தை கைக்குழந்தையாகவே தொற்றால் இறந்திருத்தல்

கடைசி அறிகுறியைப் பல குடும்பங்கள் சொல்லத் தயங்குகின்றன. மறைக்காமல் கூறுங்கள், அடுத்த குழந்தையைக் காக்கும் செய்தி அதுவே. அக்குழந்தை பிறந்தவுடன் பிசிஜி ஊசியும் சொட்டு மருந்துகளும் கொடுக்குமுன் மருத்துவரிடம் தெரிவியுங்கள். இவற்றிலுள்ள உயிருள்ள நுண்ணுயிர்கள் இந்நோயுள்ள குழந்தைக்குத் தீங்கு செய்யலாம். மற்றக் குழந்தைகளுக்கு அவை இன்றியமையாத பாதுகாப்பு. அச்சத்தால் நிறுத்திவிடக் கூடாது.

பெற்றோர் இருவரும் நலமாக இருந்துகொண்டே பழுதுபட்ட மரபணுவைச் சுமக்கக்கூடும். அப்போது ஒவ்வொரு பேற்றிலும் நோய் வரும் வாய்ப்பு 25 விழுக்காடு. அத்தை மகன், மாமன் மகள் போன்ற உறவுமுறைத் திருமணங்களில் இந்நிலை ஏற்பட இடம் மிகுதி. தாய்வழியாக ஆண்குழந்தைகளுக்கு மட்டும் வரும் வகையும் உண்டு. எவ்வகையாயினும் மருமகளைக் குறைகூறுவதில் பொருளில்லை.

முதற்படி எளிய இரத்த அணுப் பரிசோதனையே. புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே குழந்தைநல மருத்துவரை அணுகலாம். கைக்குழந்தைக்கு லிம்போசைட் எண்ணிக்கை ஒரு மைக்ரோலிட்டருக்கு 3,000-க்குக் குறைந்தால் மேலும் ஆராய வேண்டும்.

எலும்பு மஜ்ஜை மாற்று இந்நோயைக் குணப்படுத்த வல்லது. 1968-இல் அமெரிக்காவில் இது முதன்முதலாக வெற்றி கண்டது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1986 முதல் மஜ்ஜை மாற்று நடைபெறுகிறது. மூன்றரை மாதத்திற்குள் சிகிச்சை பெற்ற குழந்தைகளில் 94 விழுக்காட்டினர் பிழைத்ததாக 2014-இல் வெளியான அமெரிக்க ஆய்வு கூறுகிறது. மத்திய அரசின் 2021 அரிய நோய்க் கொள்கையிலும் இந்நோய் இடம்பெற்றுள்ளது. நிதியுதவி பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

வரும்போது பழைய மருத்துவச் சீட்டுகளையும் தடுப்பூசி அட்டையையும் தவறாமல் கொண்டுவாருங்கள். இந்நோயில் ஒவ்வொரு வாரமும் விலைமதிப்பற்றது.